அரைக்கட்டை

தெமட்டகொடையில் ஒரு டயர் கடை, அதன் மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு, கதவுக்குப் பழைய மெத்தை.
அங்கேதான் டெரன்ஸ் எங்கள் வீட்டைப் பாட்டாக்கினான்.
கோயில் கொயரிலிருந்து ஐந்து பேர்,
கீபோர்ட்டில் ஆர்கன் பொத்தான்,
ஆல்டோ பாடும் ஷிராணிக்குக் காய்ச்சல் என்று
சம்பளமில்லாமல் ஆறாவதாக நான்.

ஒரு கிழமைக்கு முன்னமே வரிகளை அனுப்பியிருந்தான்.
முதற்சரணத்தில் குறையில்லை:
ஜம்பட்டா வீதி, பதினான்கு மரப்படி,
ஒன்பதாவதில் பிளந்த பலகை,
மீன் கழுவிய கையோடு அம்மா சொல்லும் ஜெபம்,
துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊத
மேசையில் நடுங்கும் தண்ணீர்க் குவளை.
எல்லாம் சரி.
இரண்டாவது சரணத்தில்
அப்பா திரும்பி வந்தார்.

"அவர் வரேல்லையேடா" என்றேன் ஃபோனில்.
"பாட்டில வந்தவர்."
"எப்ப?"
"மூன்றாம் கோரஸில. அரைக்கட்டை ஏறும், பாரன்."

ஏறியது.
பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் ஏறியது.
ட்ரம் நின்று, கைதட்டு மட்டும் மிஞ்சி,
குரல்களெல்லாம் ஒரே மூச்சில் ஒரு படி மேலே கால் வைக்க,
கிரேன் ஓட்டின கஸ்பார்,
எண்பத்தொன்பது ஆனி மாதம்
வீட்டிலிருந்த ஒரே குடையை எடுத்துக்கொண்டு போன கஸ்பார்,
ஒன்பதாவது பலகையை மிதிக்காமல் தாண்டி
கையில் சூடான றோஸ் பாணோடு
கதவடியில் நின்றார்.
அல்லேலூயா என்றது கொயர்.

"வந்தார்" என்ற சொல் நான்கு இடத்தில் வரும்.
நான்கிலும் உதட்டை அசைத்தேன், குரல் கொடுக்கவில்லை.
பதிவு செய்த பையன் ஹெட்ஃபோனைக் கழற்றி
"எங்கயோ ஒரு ஓட்டை கேக்குது, அண்ணன்" என்றான்.
டெரன்ஸ் என்னைப் பார்த்தான்.
"இருக்கட்டும், விடு.
கரண்ட் போக முதல் முடிக்கவேணும்."

குடை போன அந்த மழைக்காலம் முழுக்க
உர உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
பள்ளிக்கூடம் போனோம், அவனும் நானும் ஒரே உறைக்குள்.
அது பாட்டில் இல்லை.
உறைக்கு எதுகை கிடைத்ததாம், மெட்டுக்குள் அடங்கவில்லையாம்.

ஞாயிறு மத்தியானம் அம்மாவுக்குப் போட்டுக்காட்டினோம்.
பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்த கை
கோரஸ் ஏறும் இடத்தில் நின்றது.
இப்போது கேட்கப்போகிறார் அவனை,
என்ன துணிவு உனக்கு என்று, என நினைத்தேன்.

"ஓம்" என்றார் அம்மா.
"அண்டைக்கு நல்ல மழை.
குடையை வெளியிலயே விரிச்சு வச்சிட்டுத்தான்
உள்ள வந்தவர்."

டெரன்ஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தான்.
பாட்டில் மழை இல்லை. குடையும் இல்லை.
அவன் எழுதாததை, நான் பாடாததை
எங்கிருந்து எடுத்தார்?
இவ்வளவு வருடமாக எந்த மூலையில் காயவைத்திருந்தார்?

இப்போது கீழ்வீட்டுக்காரருக்கும் சொல்கிறார்,
பாண் சூடாக இருந்ததை, சவர்க்காரம் வாங்க மறந்து வந்ததை.
நான் திருத்துவதில்லை.
திருத்தினால்
யாரை மறுபடி வெளியே அனுப்பவேண்டியிருக்கும் என்று
எனக்குத் தெரியும்.

நேற்று வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தேன்.
ஐந்தரை மணி, மழை, ஒற்றைக்காலில் நிற்கிறேன்.
ரேடியோவில் எங்கள் படி, எங்கள் குவளை.
சாரதி சிங்களவர், சொல் விளங்காமலே
அல்லேலூயாவுக்குத் தலையாட்டுகிறார்.
கண்டக்டர் சில்லறையால் கம்பியில் தட்டுகிறான்,
இரண்டுக்கும் நாலுக்கும் பிசகாமல்,
கொயரில் வளர்ந்த பிள்ளைபோல.

ஆமர் வீதி. மூன்றாம் கோரஸ். ட்ரம் நின்றது.
இதோ என் ஓட்டை,
எனக்கு மட்டும் கேட்பது,
ஒரு ஆள் நுழையும் அகலம்.
யாரோ ஏறினார்கள்.
ஈரக் குடையொன்றின் நுனி
என் காலில் பட்டுச் சொட்டிக்கொண்டு நின்றது.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை,
பாட்டு முடியட்டும் என்று.