செவ்வாய்க்கிழமைப் பாதை

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் றோட்டில்லை.
குருமண்வெளியில் ஏற்றி மண்டூரில் இறக்கும்
இரும்புத் தட்டு.
மீன்பெட்டியும் உரமூட்டையும் ரீச்சர்மாரும்
எட்டொன்பது மோட்டச்சைக்கிளும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

நீல நிறம் என்னுடையது. லீசிங்.
இன்னும் இருபத்தொன்பது கட்டு.
அதைக் கட்டத்தான் படுவான்கரை முழுக்கத் திரிந்து
மற்றவர்களின் கட்டைக் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமையென்றால்
நாய் குரைக்க முதல் கதவு சாத்தும்.
மூக்குச்சளியோடு ஒரு சின்னன் வேலிக்கு வந்து
"அம்மா வீட்டில இல்லையாம்" என்னும்.
அந்த 'ஆம்' எந்த அறைக்குள்ளிருந்து வந்ததென்று
நான் கேட்பதில்லை.

ஹெல்மெட்டை மாற்றிப் பார்த்தேன்,
சிவப்பிலிருந்து கறுப்புக்கு.
சைலன்சர் காட்டிக்கொடுத்துவிட்டது.
இந்தக் காலத்துப் பொடியன்கள்
காசு கொடுத்துச் சத்தம் பூட்டுகிறார்கள்.
நான் காசு கொடுத்து
அதைக் குறைக்க வழி தேடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேணும்.
காப்பெட் றோட்டு வந்த பிறகு
இரவில் மாடுகளுக்கு நல்ல படுக்கை.
தாரில் பகல்வெயில் மிச்சமிருக்கும்.
ஆனி மாதம், வெல்லாவெளி தாண்டி,
சிவலை ஒன்றின் மேல் ஏறி விழுந்தேன்.
அது எழும்பி வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று.
என் முழங்கால்தான் இன்னும் மடங்காது.
படுத்திருக்கிற மாட்டுக்குச் சொந்தக்காரன் இல்லை.
செத்துப் பார்க்கட்டும்,
மூன்று பேர் வருவார்கள்,
மூவருக்கும் அது கறவை மாடு.

கடனும் அப்படித்தான் என்று எழுத வந்தேன்.
இல்லை.
கடனுக்கு முதல்நாளே ஐந்து பேர் கையெழுத்து.
ஒருத்தி கட்டாவிட்டால்
மற்ற நாலு பேரும் அவளோடு பேசமாட்டார்கள்.
கோயில் கிணற்றடியில்கூட.

மறுகா, இன்றைக்கு.
பாதை கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனபிறகு
மீன்பெட்டிக்கு அங்கால் பார்த்தேன், தவமலர்.
மூன்று கிழமையாய் வீட்டில் இல்லாத தவமலர்.
வாவிக்குக் கதவில்லை.
வேலிக்கு வந்து சொல்லப் பிள்ளையுமில்லை.
அவள் தண்ணீரைப் பார்த்தாள்.
நான் பெற்றோல் மீற்றரைப் பார்த்தேன்,
ஓடாத சைக்கிளில் அது அசையுமா?

அவள் மடியில் சொப்பிங் பேக்.
உள்ளே பாஸ்போட்டின் மூலை.
நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"குவைத்தோ?"
"மெடிக்கல் முடிஞ்சிது."
"பிள்ளையள்?"
"தங்கச்சியோட விடுவன். மூத்தவன் ஒன்பதாம் ஆண்டு.
நான் அனுப்புற முதல் காசில
அவனுக்கு மோட்டச்சைக்கிள் வேணுமாம்."
சிரித்தாளோ, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாளோ.

கட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.
இரக்கம் என்று நினைக்கவேண்டாம்.
நடு வாவியில் கேட்டால்
அவளுக்குப் போக இடமில்லை.
எனக்கும்தான்.

கச்சான் ஒருதரம் உரத்து அடித்தது.
தட்டுச் சரிய, ஸ்டாண்ட் வழுக்க,
நான் கைநீட்ட முதல்
தவமலர் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தாள்,
நீலத்தை.
விட்டிருந்தால் இருபத்தொன்பது கட்டும்
கச்சான் அலைக்குள்.
அவளுடைய பேக்தான் நனைந்தது.
பாஸ்போட்டைச் சேலைத் தலைப்பால்
பக்கம் பக்கமாய் ஒற்றினாள்.

மண்டூர்த் துறை தெரிய போனை எடுத்து
அவள் பெயருக்கு நேரே அமத்தினேன்:
'வீட்டில் இல்லை.'
பொய்யில்லையே.

அந்த நேரம் பார்த்து அதே போன் அடித்தது.
கொழும்பு நம்பர். லீசிங்காரர்.
பாதை தள்ளுகிற பேரின்பத்திடம் நீட்டி
"நான் இல்லையெண்டு சொல்லு" என்றேன்.
பேரின்பத்துக்குப் பொய் வராது.
"ஆள் பாதையில நிக்கிறார்" என்றான்.

"ஓ, றோட்டிலயா?
ஓடிக்கொண்டு கதைக்கவேண்டாம்,
பிறகு எடுக்கிறம்" என்றது கொழும்பு.