வெறுந்தண்ணீர்

கஸ்தூரியார் வீதிக் கண்ணாடிக்கடையில்
இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி உயரம் என்று சொல்லி
வெட்டுவித்தேன்.
சிலிக்கன் காய மூன்று நாள் என்றான் பெடியன்.
நான்காம் நாள்தான் போனேன்.
அவசரக்காரி என்று பெயரெடுத்தவளுக்கு
அந்த ஒரு நாள் பெரிய காரியம்.

ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கோண்டாவில் வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும்
சாரதி மன்னிப்புக் கேட்டார்,
கண்ணாடியிடம்.

ஆறில்லாத ஊரில் ஆற்றுமணல் வாங்கி
ஏழு தரம் அலசினேன்.
கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன்,
கேத்திலின் அடியில் வெள்ளையாய் ஓடு கட்டுமே
அதே தண்ணீர்.
அன்று பின்னேரமே ஆறு நியோன் மீன்கள்.
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவை,
பையோடு மிதக்கவிட்டு, அவிழ்த்து,
நீலக் கோடுகளைப் பார்த்தபடி
சோறு தின்ன மறந்துபோனேன்.

வியாழன் மூன்று.
சனி ஒன்று.
அதுவும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு
என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது, பார்க்கவில்லை.

திருநெல்வேலிக் கடைக்காரன் நகுலரூபன்
என்னைவிட ஐந்து வயது இளையவன்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்:
"அது இன்னும் பச்சைத்தண்ணி அக்கா.
ஒரு மாதம் சும்மா ஓட விடுங்கோ."

ஓட விட்டேன்.
லைட் எரிந்தது, மோட்டர் முனகியது,
காலையில் ஒரு சிட்டிகைத் தீன்
யாருமில்லாத தண்ணீருக்குப் போட்டேன்.
வந்தவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டு
"மீன் எங்கை?" என்றார்கள்.
கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் அருந்தவநாதன்
"வெறுந்தண்ணிக்கோ இவ்வளவு கரண்ட்?" என்றார்.
கண்ணுக்குத் தெரியாதவை குடியேறுகின்றன என்று
அவருக்கு எப்படிச் சொல்வது?
வாடகையும் தராதவை.

பன்னிரண்டாம் நாள் அரிசி கழுவினதுபோல் கலங்கிற்று.
கை துறுதுறுத்தது, முழுக்க ஊற்றிவிட்டு மாற்ற.
வங்கியில் கடன் பிரிவில் இருப்பவள் நான்,
எதுவும் தானாகத் தெளியும் என்று நம்பியதில்லை.
பதினேழாம் நாள் வேலையால் வந்து லைட்டைப் போட்டேன்.
பின்சுவரில் இருந்த கலண்டரில்
திகதி வாசிக்க முடிந்தது.

பிறகுதான் கறுப்பு மொலி, நாலு.
சுண்ணாம்புத் தண்ணீர் அவற்றுக்குச் சர்க்கரை.
ஞாயிறுகளில் கால்வாசித் தண்ணீரை
குழாய் வாயில் வைத்து இழுத்து இறக்குவேன்,
ஒவ்வொரு முறையும் ஒரு மிடறு தப்பி உள்ளே போகும்.
பஞ்சை அந்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழிவேன்,
கழிவை ஊற்றிய கறிவேப்பிலைக்கன்று
வெட்கமில்லாமல் தழைத்தது.

கார்த்திகை மழை. இரவு பதினொன்றுக்குக் கரண்ட் போயிற்று.
மோட்டர் நின்றதும் வீடு செவிடானது.
ஒன்றரைக்கு மெழுகுதிரியோடு பார்த்தேன்,
நாலும் மேலே வந்து
வாயால் தண்ணீரின் தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தன.
செம்பை எடுத்தேன்.
அள்ளி, முழங்கை உயரத்திலிருந்து ஊற்றினேன்.
அள்ளி, ஊற்றி.
காற்றைத் தண்ணீருக்குள் கையால் அனுப்புகிற வேலை.

கதவில் தட்டு.
டோர்ச், சாரம், கோபம்:
"என்ன பிள்ளை, பைப் உடைஞ்சு போச்சே?"
நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எண்ணிக்கை பிழைக்கும்.
அவர் டோர்ச்சைத் தொட்டிக்குள் அடித்தார்.
கன நேரம் அடித்துக்கொண்டே நின்றார்.
"மூச்சு விடேலாமலோ?"
"ஓம்."
"இஞ்சை தாரும், கை நோகுமெல்லே."

நாலு மணிக்குக் கரண்ட் வரும்வரை
முறை வைத்து ஊற்றினோம்.
பேசியது குறைவு.
ஒரு தரம் மட்டும், "உந்தக் கடைசியாள் களைச்சுப் போனான்" என்றார்,
அது பெண் என்று நான் திருத்தவில்லை.

விடிந்ததும் வழமைபோல் சண்டைக்கு வந்தார்.
படியெல்லாம் தண்ணீராம்,
ஆரும் வழுக்கி விழுந்தால் ஆர் பொறுப்பாம்.
சிந்தியது யார் கைச் செம்பு என்று
நான் கேட்கவில்லை.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.