கொடிக்குக் காய்

பாசிர் ரிஸ் பூங்காவில்
குலுக்கலில் விழுந்தது எனக்கொரு பாத்தி.
இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம்,
பலகை அடைத்த மண்.
சவப்பெட்டியைவிடச் சற்றே பெரிது
என்றான் தம்பி இளமாறன்.
அதில் போய் ராட்சதப் பரங்கி விதைத்தேன்.

சாங்கியில் சரக்கு விமானங்களுக்கு
எடைக் கணக்குப் போடும் வேலை எனக்கு.
எந்தப் பெட்டி மூக்குப் பக்கம், எது வால் பக்கம்,
எத்தனை டன்னில் சக்கரம் முனகும்?
இரவெல்லாம் திரையில் பாரம் பிரித்துவிட்டு
விடிந்ததும் முப்பத்தேழாம் பாத்திக்கு வருவேன்,
சீருடை கூட மாற்றாமல்.

ஆண்பூவைக் கிள்ளி, இதழ் உரித்து,
பெண்பூவின் நடுவே தடவ வேண்டும்.
எட்டரை தாண்டினால் பூ வாய் மூடிக்கொள்ளும்.
முதல் காய்க்கு என் கை.
இரண்டாவதுக்கு எங்கிருந்தோ வந்த தேனீ.
மூன்றாவது,
பலகை தாண்டிப் போய்
சுரியாத்தியின் மிளகாய்களுக்கு நடுவே
யாரையும் கேட்காமல் பிடித்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களாம்.
நான் பரங்கிப் பிஞ்சை
மிளகாய்ச் செடியில் மறைக்கப் பார்த்தேன்.
"நேற்றே பார்த்துவிட்டேன்" என்றாள் சுரியாத்தி.
"இருக்கட்டும். என் சிலி பாடியை மட்டும் மிதிக்காதே."
மறுநாள் அதன் அடியில்
ஈரச்சந்தை மீன் பெட்டியின் வெள்ளை மூடி ஒன்று.
அவள்தான் வைத்திருக்க வேண்டும்.

கொடிக்குக் காய் பாரமா என்று
காலங்காலமாய்க் கேட்கிறார்கள்.
கேட்டவர் யார் கையிலும் நாடா இருந்ததில்லை.
பாரம்தான்.
என் நோட்டில் இருக்கிறது:
பதினெட்டாம் நாள், முதல் காயின் சுற்றளவு
தொண்ணூற்றொரு சென்டிமீட்டர்.
இரண்டாவது அறுபத்து நான்கு.
மூன்றாவது முப்பது. மறுநாளும் முப்பது.
முன்னே பிறந்தது இழுத்துக் குடிக்கிறது.
மதியத்தில் இலைகள்
மடக்கிய குடைகளாய்த் தொங்குகின்றன.

ஒன்றை விட்டு மற்றதை நறுக்கு. விதி அதுதான்.
கத்திரியோடு மூன்று காலை குந்தியிருந்தேன்.
மெதுவோட்டக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.
வேலையிடத்தில் இது எளிது:
இந்தப் பெட்டி நாளை போகும் என்று தட்டினால் போதும்.
பரங்கிக்கு நாளை விமானம் இல்லை.

நான்காம் காலை
மூன்றாவதின் காம்பில் கத்திரியை வைத்து
கொடியைக் கொஞ்சம் தூக்கினேன்.
வரவில்லை.
கணுவுக்குக் கணு வெள்ளை வேர்,
சுரியாத்தியின் மண்ணைப் பிடித்துக்கொண்டு.
மிளகாய்க்கு அவள் ஊற்றிய மீன் கழுவிய நீரை
இதுவும் ரகசியமாய்க் குடித்திருக்கிறது.
கத்திரியைப் பைக்குள் போட்டேன்.
முதல் காயின் பக்கம் போய்
அதன் கொடிக்குக் கீழே இரண்டு வேரை அறுத்து
அசையக் கொஞ்சம் இடம் விட்டேன்.

போதவில்லை.
டிசம்பர் மழை நான்கு நாள் விடாமல் அடித்தது.
குடித்துக் குடித்துத் தோள் பெருத்து
காம்போரம் பிளந்தது என் முதல் காய்.
உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன்,
வெதுவெதுப்பாய் இருந்தது.
நகத்தடியில் ஒரு வாரம் மஞ்சள்.
மற்ற இரண்டும் துக்கம் காக்கவில்லை.
ஓரிரவில் நான்கு சென்டிமீட்டர்,
அடுத்த இரவில் ஐந்து.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை அறுத்தோம்.
வீட்டு எடை இயந்திரத்தை
பழைய முள் வைத்தது, துருப்பிடித்தது,
தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள் சுரியாத்தி.
இரண்டாவது பத்தொன்பது கிலோ.
மூன்றாவதை வைத்தால் முள்ளையே மறைத்தது காய்.
அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு
அவளே ஏறி நின்றாள்.

தொண்ணூறு, என்றேன்.
கழிக்க உன் எடை வேண்டும்.
சொல்ல மாட்டேன், என்றாள்.

நோட்டில் எழுதினேன்:
மூன்றாவது காய்,
சுரியாத்தியோடு சேர்த்து,
தொண்ணூறு.