இணைப்பு

அவினாசி சாலையில் இருக்கிற எங்கள் கல்லூரிக்கு
ஐந்தாண்டு முன்னுரிமைகளை எழுதித் தரும் வேலை
காஸ்ட் அக்கவுண்டிங் எடுக்கிற என்னிடம் வந்தது.
தீபாவளி விடுப்பைத் தள்ளிப்போட
வேறு யாரும் தயாராயில்லை.

தொழில்துறையோடு கூட்டு, அது முதலில்.
ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் இரண்டாவது,
அதன் பெயரை நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னோம்.
பொறுப்புள்ள மேலாண்மைக் கல்வி
ஆறாம் இடத்தில் இருந்தது. பிறகு எட்டு.
பிறகு டீன் சொன்னார்,
"அதை இணைப்புல போட்டுரலாங்க."
இரண்டுக்கும் ஒரே சொல்தான் நம்மிடம்,
கைகோத்துக்கொள்வதற்கும்
கடைசிப் பக்கத்தில் பின் அடித்து வைப்பதற்கும்.

அந்த வாரம்தான் சௌடேஸ்வரியின் அறிக்கை வந்தது.
திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை, எட்டு வாரப் பயிற்சி.
மற்றவர்கள் வண்ணப் படம் ஒட்டியிருந்தார்கள்.
இவள் உப்புக்குப் பேரேடு போட்டிருந்தாள்,
ஒரு வருடத்துக்கு.
தொடக்க இருப்பு. வாங்கியது.
சாயத் தொட்டிக்குப் போனது.
சுத்திகரிப்பில் மீண்டு வந்தது.
இறுதி இருப்பு.
முதல் பருவத்தில் நான் சொல்லிக்கொடுத்த அதே கோடுகள்,
அடியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு.
அதற்கும் கீழே,
பதினோரு டன் குறைகிறது.
காரணம் என்ற கட்டத்தில்
"கிணறுகளிடம் கேட்க வேண்டும்."

சென்னிமலைப் பக்கம் என் மாமியார் வீட்டில்
கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது.
எல்லோருக்கும் தெரியும்.
வேகாத பருப்புக்கு
யாரும் பேரேடு போட்டதில்லை, நான் உட்பட.

அந்தப் பட்டறை முதலாளிதான்
புதன்கிழமை எங்களோடு ஒப்பந்தம் போட வருகிறவர்.
வருடம் இருபது பேருக்கு வேலை,
ஏசி வைத்த கருத்தரங்க அறை,
அறை வாசலில் அவர் அப்பா பெயர்.

டீன் கெட்டவர் இல்லை.
"வைவாவ மட்டும் வெள்ளிக்கு மாத்திருங்க மேடம்."
மாற்றினேன்.
காரணம்: நிர்வாகக் காரணம்.
பதினெட்டு வருடமாக
எந்தப் படிவத்திலும் பொருந்தி வருகிற காரணம்.

புதன்கிழமை சால்வை, சந்தன மாலை,
கேன் தண்ணீர், இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதவில்லை.
நாச்சிமுத்து கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்,
"நம்ம கம்பெனில ஒரு புள்ள
உப்புக் கணக்கு எழுதிட்டு இருந்துச்சே, எங்கீங்க?"
டீன் டம்ளரைக் கீழே வைத்தார்.
ஆள் அனுப்பினோம். வந்தாள்.
அறிக்கையை வாங்கி, கண்ணாடி மாட்டி,
விரலை எச்சில் தொட்டுத் தொட்டு
மேடையிலேயே படித்தார். ஏழு நிமிடம்.
மைக்கை யாரும் அணைக்கவில்லை.

"பதினொண்ணு இல்லீங் அம்மணி, பன்னெண்டு.
ஐப்பசி மழையில ஒரு ராத்திரி ஒண்ணு போச்சு.
அதை நீங்க புடிக்கலீங்."

ஒப்புக்கொண்டாரா, பெருமை பேசினாரா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.
எழுதுகிற பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.
கைதட்டினோம்.
போட்டோவில் அவள் கடைசி வரிசை,
கூட்டிக் கொண்டிருக்கிற முகம்.

கூட்டக் குறிப்பில் எழுதினேன்,
"பயனுள்ள கலந்துரையாடல் நடைபெற்றது."

வெள்ளிக்கிழமை வைவாவில்
அந்த ஒரு டன்னுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன்.
"சரிங் மேடம்" என்றாள்.
கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.
"அவரு சொன்னதை
எந்தப் பக்கம் எழுதறதுங்க, வரவா, பத்தா?"
மணி அடித்தது. அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி வரைவைத் திறந்து
முதல் முன்னுரிமையை அழித்துவிட்டு
உப்பு என்று அடித்தேன். அவ்வளவுதான்.
எழுத்துப் பிழை என்று நினைத்து
ஒப்பந்தம் என்று திருத்தி அனுப்பினார் டீன்.

இப்போது ஐந்தாவது வரைவு போய்க்கொண்டிருக்கிறது.
அவர் திருத்துகிறார்.
நான் மறுபடியும் உப்பு என்றுதான் அடிக்கிறேன்.