செவுள் பார்த்தல்

மீன்பெட்டியிலிருந்து ஐஸ்தண்ணி
ஏழு வருஷமாய் ஒரே இடத்தில் சொட்டி
எக்ஸெல்லின் பின்கேரியரைத் தின்றுவிட்டது.
நெல்லிக்குப்பம் ரோட்டுப் பள்ளத்தில் பெட்டி சாய,
மூன்று கிலோ சங்கரா தார்மேல் வழுக்கிக்கொண்டு போனது.
மெக்கானிக் எண்ணூறு என்றான்.
எண்ணூறுக்கு நான் எத்தனை தலை கொய்யணும்.
நாலு போல்ட்.
கழற்றிப் புதுசை மாட்டினால் முடிந்தது.

ஒன்று கைக்கே வந்தது.
இரண்டாவதைக் கட்டிங் பிளேயரால் கடித்துக் கடித்து
ஆறு முனையையும் வட்டமாக்கிவிட்டேன்.
நெத்திலிக்கு நகம் போதும்,
சீலாவுக்கு மெல்லிசுக் கத்தி,
திருக்கைக்கு ஓங்கி அடிக்கிற கத்தி:
வாங்க வருகிறவளுக்கெல்லாம் சொல்கிற வாய்தான்.
இரும்பு என்றதும்
கை அகப்பட்டதை எடுத்துக்கொண்டது.

மூன்றாவதுக்கு எண்ணெய் விட்டு ராத்திரி ஊறப்போட்டேன்.
காலையில் தலையில் நாலு தட்டு.
ரிங் ஸ்பேனரை அடிவரை இறக்கி இழுத்ததும்
முனகிக்கொண்டே வந்தது.
நாலாவது அசையவில்லை.
வட்டமாய்ப் போன அதுவும்.

சோனாங்குப்பத்தில் ஃபைபர் போட்டு ஒட்டுகிற படவேட்டான்
கிரைண்டர் தந்தான்.
"கார்டு இடைஞ்சல்னு கழட்டிட்டேன்க்கா.
கண்ண மூடிக்கிட்டு வை, வெண்ணெ மாதிரி போவும்."
அவன் முழங்கையில்
மீன் வாய்போல் தைத்த தழும்பு.
நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து வட்டை வெளிச்சத்தில் பிடித்தேன்.
இருபது வருஷமாய்ச் செவுள் தூக்கிப் பார்க்கிற விரல்
நடுவளையத்து அழுக்கைத் தானாகத் தேய்த்தது.
மாசமும் வருஷமும் குத்தியிருந்தது.
இதற்குமா காலாவதி!
மூன்று வருஷம் முந்திச் செத்தது,
உப்புக்காற்றில் ஊறியது,
ஓரத்தில் எலி கடித்தாற்போல் விள்ளல்.
இதை நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றவிட்டு
முகத்துக்கு நேரே பிடிக்கணுமாம்.

திரும்பிப் போனேன்.
கார்டு, பிசின் டப்பாவுக்கு மூடியாய் இருந்தது.
சுரண்டியெடுக்க அரைமணி.
பக்கக் கைப்பிடி, அவன் மச்சான் வீட்டு மணலில்
ஆட்டுக்குட்டி கட்டுகிற முளை.
ஆட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பிடுங்கிவந்தேன்.
புது வட்டு நாற்பத்தைந்து. கண்ணாடி நூற்றுப்பத்து.
"ஒரு போல்ட்டுக்கா?" என்றான் கடைக்காரன்.
ரெண்டு, என்றேன்.

சீட்டுக்கு முன்னால் டேங்க், பாதி பெட்ரோல்.
கழற்றி இடுப்பில் வைத்துத் தூக்கி
முருங்கையைத் தாண்டி, அஞ்சாலாட்சி வீட்டுச் சுவரோரம் இறக்கினேன்.
"பச்சப்புள்ளயாட்டம் தூக்கிட்டு வர்றியேடி" என்றாள்.
புடவை வேண்டாம். மகனின் காலேஜ் பேண்ட்.
சங்கிலி மிளகாய்த்தூள் டப்பாவுக்குள்.
நூல் தொங்குகிற கையுறையையும் எறிந்துவிட்டேன்,
நூலைப் பிடித்தால் விரலையும் கேட்கும்.
வட்டுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி
ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டேன்.
அந்தச் சத்தத்தில் காக்காய் எல்லாம் எழும்பிப் போயிற்று.

வேலை நாலு நிமிஷம்கூட இல்லை.
கடைசி நூலளவில் வட்டு சிக்கி
தூண்டிலில் பாரை உதறுவதுபோல் மெஷின் உதறியது.
இரண்டு கையும் விடவில்லை.
பொறி மணலுக்குப் போனது.

விடியலில் ஏலத்துக்குப் போகும்போது
தூசிக்கு ஆகுமென்று அந்தக் கண்ணாடியையே போட்டிருந்தேன்.
முதுநகர் துறைமுகத்தில் சூரியனுக்கு எதிரே
இடது கண்ணுக்கு நடுவில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
விரலால் துடைத்தேன். முந்தானையால் துடைத்தேன்.
நகத்தால் நெருடினேன்.
உள்ளே உருகிப் புதைந்திருந்தது
கடுகளவு இரும்பு.
"யக்கா, சங்கரா! எடுக்கிறியா இல்லியா?"
கூடைக்காரன் கத்தினான்.
அந்தப் புள்ளிக்குப் பக்கவாட்டில் பார்த்து
இருநூற்றி எழுபது என்றேன்.