நாலாவது சீட்

ஃபவுண்டன் நடைபாதையில் மூன்று புத்தகம் நூறு ரூபாய்.
அட்டையில் ஆள் கம்மியாகவும்
ஆகாயம் அதிகமாகவும் இருந்தால்
அது அமெரிக்க நாவல்.
அப்படித்தான் பொறுக்குகிறேன்.
உலகமே கொண்டாடியது என்று
பின்னட்டை சத்தியம் செய்கிறது.
பின்னட்டை எதற்குத்தான் சத்தியம் செய்யாது.

போன வருஷத்து நாவலில் ஒரு பாதிரியார்
ஐந்நூறு பக்கம் கடவுளைச் சந்தேகித்தார்.
ஒருநாள்கூட அவருக்கு
வேலைக்கு நேரமாகவில்லை.

டோம்பிவிலி எட்டு பதினொன்று ஃபாஸ்ட்.
மூன்று பேர் சீட்டில் நாலாவதாக
ஒரு பக்க இடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு
தாணே வருவதற்குள் ஒன்பது பக்கம்.

இவன் கோதுமைக்காரன். பெயர் வெர்னன்.
கண்ணுக்கெட்டிய வரை அவன் நிலம்.
அதன் நடுவில் நின்று தனிமை தனிமை என்கிறான்.
எனக்குக் கோபம் வந்தது.
நானூறு பக்கத்தில் ஒருத்தர்கூட
அவன் காலை மிதிக்கவில்லை.
அந்தச் சமவெளியில் எங்கள் எட்டு பதினொன்றை
அப்படியே கொட்டினாலும்
ஜன்னலோர சீட் பாக்கியிருக்கும்.

இருநூற்றுப் பத்தாம் பக்கம் தானியக் கொட்டகை எரிகிறது.
நான் இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் பார்ப்பவள்,
பதினாலு வருஷம், தீ விபத்துப் பிரிவு.
உடனே சொல்லிவிட்டேன், அவனேதான் வைத்தான்.
முதல் நாளே குதிரையை வெளியே கட்டிவிட்டு
மறுநாள் தீயைப் பார்த்து அழுகிறவனுக்கு
நாங்கள் காசு தருவதில்லை.
இதைச் சொல்ல எழுதினவருக்கு
இன்னும் நூறு பக்கம் ஆகிறது.

எனக்கு முன் இதை வைத்திருந்தவன்
ரோஷன் டி'மெல்லோ, எஸ்.ஒய்.பி.ஏ.
வறண்ட கிணறு வரும் இடமெல்லாம்
பென்சிலால் 'சிம்பல்' என்று எழுதியிருக்கிறான்.
இல்லை தம்பி. தண்ணீர் இல்லை, அதான்.
ஒரு மே மாதம் எங்கள் பில்டிங்கில் குடியிருந்து பார்.

சாப்பாடு நிறைய வருகிறது,
பன்றிக்கொழுப்பு, பீன்ஸ், பாலில்லாத காப்பி.
சாப்பிட்டாயா என்று கேட்கும் வாய்தான் வரவில்லை.
அப்பாவும் மகனும் ஒரே மேசையில்
உப்பை மாற்றி மாற்றி நகர்த்துகிறார்கள்.
அப்புறம் மகன் காரில் ஏறிப் போய்விடுகிறான்.
எல்லா நாவலிலும் யாராவது காரில் ஏறிப் போய்விடுகிறார்கள்.
போய், எங்கே நிறுத்துவார்கள்
என்றுதான் எனக்குக் கவலை.

குர்லா தாண்டியதும் ஹன்சாபென் கேட்பாள்,
"ஃபிர் க்யா ஹுவா?"
பட்டாணி உரிக்கும் கை நிற்காது.
என் ஓட்டை இந்தியில் கோதுமை விளையும்,
பனி பெய்யும், கொட்டகை இன்னொரு தரம் எரியும்.
வைஷாலிக்கு வெர்னனின் பெண்டாட்டி மேல்தான் கண்.
"அவள் ஏன் வாயே திறப்பதில்லை?"
தெரியாது.
எழுதினவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.
அவளை எப்போதும் ஜன்னலருகிலேயே
நிறுத்திவைத்திருக்கிறார்.

கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
ஏதோ ஒரு ஜூலையில் ஊறிக் கழன்றிருக்க வேண்டும்.
பனிப்புயல். வெர்னன் கதவைத் திறக்கிறான்.
அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

தாதரில் கூடிப் பேசினோம்.
மகன் வரட்டும் என்றாள் ஹன்சாபென்,
வரும்போது பேரனோடு வரட்டும்.
வைஷாலி ஒத்துக்கொள்ளவில்லை.
அந்தப் பெண் பேசட்டும், பேசி முடித்துவிட்டு
காரை இந்தத் தரம் அவள் ஓட்டிக்கொண்டு போகட்டும்.
பைகுல்லாவுக்குள் ஓட்டெடுப்பு.
நின்றுகொண்டிருந்தவர்களும் போட்டார்கள்.
ஏற்கெனவே வளையத்தைப் பிடித்துத்
தூக்கியிருந்த கைகளை
எந்தப் பக்கம் சேர்ப்பது என்று ஒரே தகராறு.
ஒருவழியாக வைஷாலி ஜெயித்தாள்.

போன மாதம் அதே நடைபாதையில் முழுப் பிரதி.
நின்றபடியே கடைசியைப் புரட்டினேன்.
வெர்னன் கதவைத் திறந்து
பனியைப் பார்க்கிறான்,
பார்க்கிறான்,
திரும்ப மூடிக்கொள்கிறான்.
இதற்குப் பதினாறு பக்கம்.

"லேனா ஹை க்யா?" என்றான் கடைக்காரன்.
படித்துவிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

வண்டியில் யாருக்கும் சொல்லவில்லை.
எப்படிச் சொல்வது.
வைஷாலி கணக்கில் அந்தப் பெண்
ஏதோ ஒரு ஊரில் காரை நிறுத்திவிட்டு
வாடகைக்கு ரூம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
டெபாசிட் எவ்வளவு என்பதில்தான்
இன்னும் இழுபறி.