காணப்படவில்லை

உலான்பாத்தரில் ஜனவரி.
சன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பத்திரண்டு,
உறைபெட்டிக்குள் மைனஸ் எண்பது.
நடுவே நான், ஓட்கெரெல்,
கையுறைக்கு மேல் கையுறை மாட்டி
ஒரு மனிதரின் ஈரலில் கிள்ளியெடுத்த
இரண்டு சென்டிமீட்டர் இழையைக்
கரைத்துக்கொண்டிருக்கிறேன்.
உடைந்த சேமியாத் துண்டு போலிருக்கிறது.

குழாயின் மேல் எண் மட்டும்: 417.
ஆள் யாரென்று எனக்குத் தெரியக் கூடாது.
தெரியும்.

பூரெவ்தோர்ஜ். மலைச்சரிவுப் பள்ளியில்
கொதிகலனுக்குக் கரி தள்ளுபவர்.
செவ்வாயன்று தாழ்வாரத்தில் வழிமறித்தார்.
நான்காய் மடித்த ரத்த அறிக்கை,
மடிப்பெல்லாம் கரி.
"காணப்படவில்லை என்று போட்டிருக்கிறதே,
அப்புறம் எதற்கு என் விலாவில் ஊசி?"

காணப்படவில்லை என்றால்
இல்லை என்று பொருளில்லை, என்றேன்.
"அப்படியானால் வேறு வார்த்தை போட்டிருக்கலாம்."

போட்டிருக்கலாம்தான்.

உங்கள் செல்லின் கருவுக்குள்
ஒரு வளையம் கிடக்கிறது, என்றேன்,
தலை கிடையாது, வால் கிடையாது,
வாடகையும் கிடையாது.
அதிலிருந்து படியெடுத்து எடுத்து
வெளியே அனுப்புகிறது செல்,
தன் வேலை என்று நினைத்துக்கொண்டு.
படியிலிருந்து மறுபடி வித்து முளைக்காமல்
தடுப்பதுதான் உங்கள் ராத்திரி மாத்திரை.
படியெடுப்பதை அது தடுக்காது.

அழுத்தமானி பார்த்துப் பழகிய கண்
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது.

"ராத்திரி பிள்ளைகள் போனபின்
அடுப்பை அணைப்பதில்லை நாங்கள்.
அணைத்தால் விடியுமுன் குழாய் வெடித்துவிடும்.
சாம்பலை இழுத்துப் போர்த்திக்
காற்றை அடைத்துவிடுவோம்.
தெருவில் போகிறவன் புகைபோக்கியைப் பார்ப்பான்,
ஒன்றுமில்லை என்பான்.
கதவில் கை வைத்தவனைக் கேட்கணும்."

எனக்கு வாங்கிய பட்டம் மொத்தமும்
அந்தத் தாழ்வாரத்தில் கொஞ்சம் கூசியது.

போகும்போது சொன்னார்:
எட்டு வயதில் அதே பள்ளியில்தான்
சட்டைக் கையைச் சுருட்டி வரிசையில் நின்றேன்.
இருபத்தாறு பிள்ளைகள், ஒரு கண்ணாடி ஊசி,
அதைக் கொதிநீரில் போட நேரமில்லாத ஒரு நர்ஸ்.
நான் பதினொன்று.
பத்தாவது பல்சின்,
போன வருஷம் வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தான்.
குரலில் கோபம் இல்லை.
கரி மூட்டை எண்ணுகிற குரல்.

இரவு இரண்டு மணி.
எந்திரம் சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கிறது.
திரையில் கோடு தரையோடு தரையாய்
பத்து, பதினைந்து, இருபது...
அப்படியே கிட என்று
ஒரு கோட்டிடம் கெஞ்சினேன், நான் கெஞ்சக் கூடாது.
இருபத்துநாலில் தலை தூக்கியது.

ரத்தத்தில் ஒரு சொல் இல்லை.
ஈரலில் பேச்சு ஓயவில்லை.
நான்கு மரபணுக்களில் ஒன்றுக்கு எக்ஸ் என்று பெயர்,
என்ன செய்யுமென்று யாருக்கும் தெரியாத நாளில் வைத்தது.
அது முணுமுணுக்கிறது.
மேலுறை தைக்கும் மரபணுவோ
அடைமழைக்காலத் தையற்கடை போல
விளக்கேற்றி வைத்துத் தைத்துத் தள்ளுகிறது,
போட்டுக்கொள்ள வைரஸ் இல்லாத சட்டைகளை.

அந்தச் சட்டைக்குத்தான் காத்திருப்பான் டெல்ட்டா,
சொந்தத் துணியில்லாத இன்னொரு வைரஸ்.
இந்தக் குளிர் ஊரில்
எத்தனையோ ஈரல்களில் இரவல் வாங்கியிருக்கிறான்.
417-க்கு நேரே அவனுடைய கட்டம் காலி.
இரண்டு முறை பார்த்தேன்.
மூன்றாவது முறை, விரலை வைத்துப் பார்த்தேன்.

ஆய்வு விதிப்படி இது எதையும்
அவரிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை.
எண்ணை எழுதினேன், கையெழுத்திட்டேன்.

காலை ஏழுக்கு முதல் பேருந்து.
கண்ணாடியில் உறைந்த மூச்சை
நகத்தால் சுரண்டி ஓர் ஓட்டை செய்தேன்.
பள்ளி இன்னும் திறக்கவில்லை.
புகைபோக்கியில் புகை இல்லை.
சரிவெங்கும் வேலி, கூடாரம், நாய்க்கூண்டு
எல்லாவற்றின் மேலும் ஒரு சாண் பனி.

கொதிகலன் அறைக் கூரையில் மட்டும்
ஈரத் தகரம்.